பழைய ஆக்டேவியா விஆர்எஸ் வாங்குவோருக்கு: முதலில் பம்பரைப் பாருங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள்

ஸ்கோடா ஆக்டேவியாவின் வேக வடிவமான விஆர்எஸ், இந்த மூன்றாம் தலைமுறை உடலில், நம் நாட்டுக்கு இரண்டு வடிவங்களில்தான் வந்தது. 2017இல் வந்தது 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. 2020இல் வந்தது 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர். இந்த இரண்டாவது வண்டி முழுதாக இறக்குமதியானது. மொத்தமே 200 வண்டிகள், அன்றைய ஷோரூம் விலை 35.99 லட்சம். இன்று இரண்டுமே செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். நான்கு பேர் சாமான்களோடு ஊருக்குப் போகலாம், ஏழு நொடிக்குள் நூறைத் தொடலாம். அதனால்தான் முதன்முதலாக வேகக் கார் வாங்க நினைப்பவர்களின் கண் இதன் மேல் விழுகிறது.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் போனட்டைத் திறந்து எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். டர்போ போய்விடுமா, கியர்பாக்ஸ் போய்விடுமா என்பதுதான் பயம். உண்மையில் இந்த வண்டியில் எஞ்சின் பாகங்கள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. உடல் பாகங்கள்தான் ஆளைப் படுத்தும். இதைப் புரிந்துகொண்டு வண்டி பார்க்கப் போனால், எதைப் பேரம் பேசுவது, எதற்குத் திரும்பி வந்துவிடுவது என்பது தெளிவாகிவிடும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

இதில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), இஏ888 குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை எஞ்சின். இதே குடும்பத்தின் 1.8 டிஎஸ்ஐ சாதாரண ஆக்டேவியாவிலும் சூப்பர்பிலும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. ஆயில் ஃபில்டர், இக்னிஷன் காயில், தெர்மோஸ்டாட் ஹவுசிங், சென்சார்கள் போன்ற பலவற்றுக்கும் அந்த வண்டிகளின் புண்ணியத்தில் எப்போதும் சரக்கு இருக்கும். 230 குதிரைத்திறன் வண்டியில் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), ஆயிலில் நனைந்த கிளட்ச் கொண்ட டிக்யூ250. டீசல் ஆக்டேவியா, சூப்பர்பில் வந்த அதே குடும்பம் என்பதால் அதன் ஆயிலும் ஃபில்டரும் கிடைக்கும். ஆனால் கியர் பெட்டியையே மாற்றி வைக்க முடியாது. பல் விகிதம் வேறு, மென்பொருள் வேறு. 245இல் இருப்பது ஏழு கியர் பெட்டி. அதன் ஆயில், ஃபில்டர், அளவு எல்லாமே தனி. 230க்கு எழுதிய குறிப்பை 245க்குப் பயன்படுத்தாதீர்கள்.

முன் பம்பர், பின் பம்பர், கறுப்புக் கிரில், இரட்டைக் குழல் எக்ஸாஸ்ட், பின் ஸ்பாய்லர், ஸ்போர்ட்ஸ் சீட், பெரிய முன் பிரேக் டிஸ்க், ஸ்பிரிங் ஆகியவை விஆர்எஸ்ஸுக்கே உரியவை. ஓடுகிற வண்டிகளே சில நூறுதான் என்னும்போது எந்தக் கடைக்காரரும் இவற்றை வாங்கி அடுக்கி வைக்கமாட்டார். ஆர்டர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு பைக் உரசிப் பம்பர் கிழிந்தால், ஓடக்கூடிய வண்டி ஓட முடியாமல் நிற்கும். ஆகவே கூலன்ட் கசியும் வண்டியைப் பேரம் பேசி வாங்கலாம். முன்பக்கம் இடித்துச் சரிசெய்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

வண்டி பார்க்கும்போது

பெயின்ட் தடிமன் மீட்டர் ஒன்றை இரவலாவது வாங்கிக்கொண்டு போங்கள். ஃபேக்டரி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 250, 300 என்று காட்டினால் அங்கே மறுபூச்சு நடந்திருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் மீட்டர் அங்கே உதவாது. பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் விரலால் தடவி ஒப்பிடுங்கள். ஹெட்லைட்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அதைப் பொருத்தும் காது உடைந்து பசை போட்டு ஒட்டியிருந்தால் ஆடும். போனட் கீல்களிலும் ஃபெண்டர் போல்ட் தலைகளிலும் பெயின்ட் உரிந்திருக்கிறதா பாருங்கள். அங்கே ஸ்பேனர் பட்டிருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், எதற்கு என்று கேட்டாக வேண்டும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு மற்ற ஊர்களுக்கும் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே இருக்கும் முதல் இரண்டடி சுத்தமாக இருக்கும், எல்லோரும் கழுவுவது அதைத்தான். சுருளின் அடிக்கடைசியில் கோடு போட்டதுபோல் வண்டல் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். முன் சீட் தண்டவாள போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டில் பச்சைப் பூப்பு, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மின் கோளாறு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது ஸ்கேன். இந்தக் குழும வண்டிகளின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்களான விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். எல்லா மாட்யூல்களையும் (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களையும்) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், எஞ்சினை மட்டும் அல்ல. பழைய ஃபால்ட் ஒவ்வொன்றோடும் அது வந்தபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதும் பதிவாகும். மீட்டர் 45,000 காட்டும்போது ஒரு ஃபால்ட் 78,000இல் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. எல்லா மாட்யூலும் ஒரு ஃபால்ட்கூட இல்லாமல் துடைத்து வைத்ததுபோல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். முதல் சில நொடிகளில் செயின் கடகடப்பு கேட்கக் கூடாது. டி-யில் போட்டு பிரேக்கை மெல்ல விட்டால் வண்டி உதறாமல் நகர வேண்டும். மூன்றாவது கியரை மேனுவலில் பிடித்து, 2,000 சுற்றிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 என்ஓசி (தடையின்மைச் சான்று), உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் இருந்தால் முடிந்ததற்கான படிவம் 35 ஆகியவை கைக்கு வந்த பிறகே முழுப் பணம். தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும். டெல்லியிலோ மும்பையிலோ மலிவாகத் தெரியும் வண்டி, இந்த வரியையும் லாரி வாடகையையும் கூட்டினால் பெரும்பாலும் உள்ளூர் விலைக்கே வந்துவிடும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை முதல் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள். அது முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

பாகம் எண்ணே முகவரி

"ஆக்டேவியாவுக்கு வாட்டர் பம்ப் இருக்கா?" என்று கடையில் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும், சரியானது கிடைக்காது. இந்தக் குழுமத்தின் பாகம் எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆயில் ஃபில்டரின் எண் 06எல் 115 562 பி. முதல் மூன்று இடம் அது எந்த எஞ்சின் அல்லது வண்டிக் குடும்பம் என்று சொல்லும். நடு மூன்று, எந்தப் பிரிவு: 115 ஆயில், 121 கூலன்ட், 905 இக்னிஷன், 698 பிரேக் பேட். கடைசி மூன்று அந்தப் பாகம். முடிவில் வரும் எழுத்து திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும். இந்த எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய பதிப்பில் இருந்த குறையைச் சரிசெய்துதான் பல நேரம் அடுத்த எழுத்து வருகிறது. கடையில் தேங்கிக் கிடக்கும் பழைய எழுத்தைத் தள்ளுபடியில் வாங்கினால் அதே குறையைத்தான் மறுபடி பூட்டுகிறீர்கள்.

பாகத்தைத் தேடும் வரிசை இது. ஆர்சியிலும் விண்ட்ஷீல்டின் கீழ் மூலையிலும் உள்ள 17 இடச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரிலோ இணையப் பட்டியலிலோ பாகம் எண்ணை எடுங்கள். டிக்கிக் குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த மூன்று இடக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். பிரேக், சஸ்பென்ஷன் போன்ற சில பாகங்களில் ஒரே மாடலுக்குள்ளேயே அளவு வேறுபடும். அந்தக் குறியீட்டைப் பார்த்தால்தான் எது உங்கள் வண்டிக்கு என்று தெரியும். பட்டியல் எண்ணை எடுத்த பிறகு, கழற்றிய பழைய பாகத்தில் பொறித்த எண்ணோடும் ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகே பணம்.

எல்லாவற்றையும் ஷோரூம் டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஃபேக்டரிக்கே செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. ஃபில்டருக்கு மான், மாலே. பிளக்குக்கு என்ஜிகே, போஷ். பிரேக்குக்கு ஏடிஇ, டிஆர்டபிள்யூ. சஸ்பென்ஷன் கைக்கு லெம்ஃபோர்டர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் காஷ்மீரி கேட் ஆகிய இடங்களில் எண்ணைச் சொன்னால் ஒரே நாளில் பதில் வந்துவிடும். பிளக், ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் மூன்றிலும் போலி நடமாட்டம் உண்டு. அச்சு மங்கல், டப்பாவில் ஒரு எண் பாகத்தில் ஒரு எண், நம்ப முடியாத விலை, பில் கொடுக்கத் தயக்கம் ஆகியவை போலிக்கான அடையாளம்.

புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் பிராக்கெட், கிளிப், உள் பிளாஸ்டிக், கதவுக் கண்ணாடி, ஸ்டீல் பாகங்கள் தாராளமாக வாங்கலாம். விஆர்எஸ் பம்பர் ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால், தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வீட்டில் வையுங்கள். ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக், ஸ்டியரிங் பாகம் எதையும் பழசில் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால், பாகத்தின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். அடையாளச் சான்றும் கேட்பார்கள். சின்னச் சென்சாருக்கு இது கட்டுப்படியாகும். டிஸ்க் போன்ற கனமான பொருளுக்கு, நான்கைந்து விஆர்எஸ்காரர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக எடுப்பதுதான் வழி.

வாங்கிய முதல் மாதம்

பழைய ஓனர் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் நான்கையும் மாற்றிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். எஞ்சின் ஆயில் 5.7 லிட்டர் பிடிக்கும். டின்னில் விடபிள்யூ 502 00 அல்லது 504 00 என்ற ஒப்புதல் அச்சாகியிருக்க வேண்டும்; நம் வெயிலுக்கு 502 00 ஒப்புதல் உள்ள 5டபிள்யூ-40 நன்றாக இருக்கும். கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டர். டர்போவின் தண்டு இதே ஆயிலில்தான் மிதக்கிறது, சென்னை டிராஃபிக்கில் ஊர்ந்தபடி எஞ்சின் ஓடும் மணிநேரமோ கிலோமீட்டர் கணக்கில் ஏறாது. எனவே 7,500க்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் சட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் டிரெய்ன் பிளக்கும் பிளாஸ்டிக்தான்; ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள்.

மாதம் இருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். இந்த எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். எவ்வளவு என்று எழுதி வைத்தால்தான் அதிகமாகிறதா என்று தெரியும். ஆயில் சூட்டை வண்டியே திரையில் காட்டும். 80 டிகிரி வரும்வரை 3,000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

எஞ்சின் திணறி விளக்கு மின்னினால் உடனே புதிய காயில் வாங்காதீர்கள். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று ஸ்கேனில் பாருங்கள். அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். ஃபால்ட்டும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகே இன்ஜெக்டர்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்

இந்த எஞ்சினின் பெயர்பெற்ற பலவீனம் இதுதான். தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கின்றன. எண் 06எல் 121 111இல் தொடங்கும். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி இருந்து பிளாஸ்டிக் வளைகிறது, சீல் உட்காராமல் கசிகிறது. தரையில் சொட்டாது, சூடான எஞ்சின் மேல் விழுந்து ஆவியாகிவிடும். அதனால் பலருக்கு நாள்கணக்கில் தெரிவதே இல்லை.

எஞ்சின் ஆறியதும் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே கியர்பாக்ஸ் பக்கமாக டார்ச் அடியுங்கள். கியர்பாக்ஸின் தோள்பட்டையில், காய்ந்த ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு படிந்திருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. லேசான இனிப்பு வாசனையும் வரும். டேங்கில் கூலன்ட் மட்டம் மாதா மாதம் ஒரு விரல்கடை குறைவதும் இதன் அடையாளமே.

மாற்றும்போது முழு மாட்யூலாக, கடைசித் திருத்த எழுத்தோடு வாங்குங்கள். பம்பை ஓட்டும் குட்டிப் பல் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். வேலைக்கூலிதான் பெரிய செலவு. பெல்ட்டுக்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். ஹவுசிங் போல்ட்டுகளுக்கு 9 நியூட்டன் மீட்டர் மட்டுமே, டார்க் ரெஞ்சில், குறித்த வரிசையில். கை வேகத்தில் இறுக்கினால் புது பிளாஸ்டிக்கும் வளைந்து ஆறு மாதத்தில் மறுபடி கசியும். ஜி13 அல்லது ஜி12 ஈவோ கூலன்ட்டை, தாது நீக்கிய நீரோடு பாதிக்குப் பாதி கலந்து, வேக்வம் கருவி வைத்து நிரப்பச் சொல்லுங்கள். சும்மா ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு ஹீட் ஏறும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

டிஎஸ்ஜி ஆயில்

டிக்யூ250க்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். கிளட்ச் தேய்ந்த தூளெல்லாம் இந்த ஆயிலில்தான் கலக்கிறது. அதே ஆயில்தான் கியர் மாற்றும் வால்வுகளையும் இயக்குகிறது. தூள் சேர்ந்தால் கியர் மாறும்போது உதறும். டிராஃபிக்கிலேயே ஓடும் வண்டி என்றால் 45,000இலேயே மாற்றுங்கள். ஜி 052 182 ஆயில் ஆறு லிட்டர், ஃபில்டர் 02ஈ 305 051 சி, டிரெய்ன் பிளக்கிற்குப் புது வாஷர் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. வண்டியை லிஃப்ட்டில் மட்டமாக ஏற்றுங்கள். சாய்ந்து நின்றால் அளவு தவறும்.

2. பெட்டியின் மேல் உள்ள ஃபில்டர் மூடியைத் திறந்து பழைய ஃபில்டரை எடுங்கள். பத்து நிமிடம் அதிலுள்ள ஆயில் உள்ளே வடியட்டும்.

3. அடியில் 14 மி.மீ. ஆலன் கீ போட்டு டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் கொஞ்சம் ஆயில்தான் வரும். வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் அளவுக்குழாய் இருக்கிறது. 8 மி.மீ. ஆலன் கீயால் அதையும் கழற்றினால்தான் மீதி வரும். மொத்தம் ஐந்து லிட்டருக்கு மேல் வடிய வேண்டும்.

4. அளவுக்குழாயை 3 நியூட்டன் மீட்டரில் திரும்பப் பூட்டுங்கள். புது ஃபில்டர் போட்டு மூடி, ஐந்தரை லிட்டர் ஏற்றுங்கள்.

5. ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளிலும் மூன்று மூன்று நொடி போட்டு பார்க்கிங்கிற்குத் திரும்புங்கள்.

6. சூடு 35க்கும் 45க்கும் நடுவே இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே டிரெய்ன் பிளக்கைத் திறங்கள். அதிகமான ஆயில் நூலாக ஒழுகும். நூல் அறுந்து சொட்டாக மாறும் அந்த நேரத்தில் மூடி, 45 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். திறந்ததும் எதுவுமே வரவில்லை என்றால் ஆயில் போதவில்லை, இன்னும் ஏற்றுங்கள்.

ஐந்தாவது, ஆறாவது படிகளில்தான் பல இடங்களில் அவசரப்படுகிறார்கள். 60 டிகிரியில் அளந்தால் ஆயில் விரிந்து நிற்பதால் தேவையானதும் சேர்ந்து ஒழுகிவிடும். வண்டி குறைந்த ஆயிலோடு வெளியே போகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் சூடாகிக் கருகும். வேலை நடக்கும்போது ஸ்கேனர் திரையைப் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள்.

மின்னணு டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் அதற்குத் தனி ஆயில் உண்டு; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

பிரேக், டயர்

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், காலிப்பர் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருந்தால், ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகாமல் பின் பேடை மாற்றக் கூடாது. பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் மோட்டார் உடையும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இந்த வேகத்துக்கு அது உதவாது. டயர் பக்கச்சுவர் குட்டை என்பதால் ஒரு பள்ளத்தில் ரிம் வளையும். 80இல் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்குக்கு முன் ரிம்மைச் சுழற்றிப் பாருங்கள்.

ரீமேப்பை ஓராண்டு தள்ளிப் போடுங்கள்

மென்பொருளை மட்டும் மாற்றியே இந்த எஞ்சினில் 280 குதிரைத்திறனைத் தாண்டலாம். ஆனால் டிக்யூ250 பெட்டி தாங்கும் முறுக்குவிசைக்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சினை மட்டும் ரீமேப் செய்து (அதாவது மென்பொருளை மாற்றி) கியர்பாக்ஸ் மென்பொருளைத் தொடாமல் விட்டால், கிளட்ச்சைப் பிடிக்கும் அழுத்தம் போதாமல் வழுக்கும். செய்வதென்றால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும், பிளக்கைப் பாதித் தூரத்தில் மாற்ற வேண்டும், எப்போதும் 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியின் ஃபேக்டரி விவரத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்சூரன்ஸ் கிளெய்மிலும் இது சிக்கலாகலாம். முதல் ஆண்டை வண்டியின் தேவைகளைச் சரிசெய்யவும் ஓட்டிப் பழகவும் வையுங்கள். பெரும்பாலானோருக்கு 230ஏ போதும்.

டிராக்கில் ஓட்டும் நாள்

முழு வேகம் பார்க்க ஆசைப்பட்டால் இசிஆரும் புறவழிச் சாலையும் அதற்கான இடம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. போகும் முன் புது பிரேக் ஆயில், பாதிக்கு மேல் மிச்சமுள்ள பேட், டிப்ஸ்டிக்கில் மேல் கோடுவரை ஆயில். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர். சாலைப் பேடில் மூன்று நான்கு சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பெடல் பஞ்சாக அமுங்கினால் அந்தச் சுற்றோடு வெளியே வாருங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்து, நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் பார்க்கிங்கில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆறிய பிறகு வீல் போல்ட்டையும் ஆயில் மட்டத்தையும் மறுபடி பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.